கத்தி நிற்க வேண்டிய இடம்

பெருமூளை வாதம் வந்த குழந்தையின் மூளைக் காயம் வளர்வதில்லை. பிறப்பை ஒட்டி ஒருமுறை ஏற்பட்டது, அப்படியே நின்றுவிடுகிறது. முழங்கால் அப்படி நிற்பதில்லை. மூன்று வயதில் கையால் நீட்டினால் நேராக நீண்ட கால், எட்டு வயதில் முரண்டு பிடிக்கிறது. பன்னிரண்டில் யார் அழுத்தினாலும் நீளாது. “தினமும் எக்ஸர்சைஸ் பண்ணினோம் டாக்டர், ஒருநாள்கூட விட்டதில்ல. அப்புறமும் ஏன் மடங்குது?” என்று தாய்மார்கள் கேட்பார்கள். கேள்வியில் பாதி குற்ற உணர்வுதான். அதை இறக்கிவைத்த பிறகே நான் காலைத் தொடுவேன்.

எலும்பு தன் பாட்டுக்கு வளரும். தசையோ நாள் முழுக்க இழுபட்டு இழுபட்டுத்தான் நீளும். ஓடி, குந்தி, குதித்து, படியேறி விளையாடும் பிள்ளையின் பின்தொடைத் தசைகள் அந்த விளையாட்டிலேயே வளர்ந்துவிடுகின்றன. பெருமூளை வாதத்தில் தசை விறைப்பாகவே இருக்கிறது, குழந்தையும் அந்த அளவுக்கு ஓடியாடுவதில்லை. எலும்பு முந்திக்கொள்ள, தசை பின்தங்கிவிடுகிறது. அம்மா காலையில் அரைமணி நேரம் நீட்டிவிடுகிறார். மீதி நேரமெல்லாம் கால் தன் பழைய மடிப்புக்கே திரும்புகிறது. உயரம் வேகமாகக் கூடும் பத்து, பன்னிரண்டு வயதில் இந்த வித்தியாசம் எல்லார் கண்ணுக்கும் தெரிய ஆரம்பிக்கிறது. இதில் அந்தத் தாயின் உழைப்பில் எந்தக் குறையும் இல்லை.

விறைத்து நிற்கும் இந்தத் தசையைத் தொட்டுப் பார்ப்பவர்கள் அது பலமான தசை என்றே நினைப்பார்கள். 2011-இல் கலிபோர்னியாவின் சான் டியேகோவில் ரிச்சர்ட் லீபர் குழுவினர், அறுவையின்போது எடுத்த பின்தொடைத் தசைத் துணுக்குகளை ஆராய்ந்து சொன்னது வேறு. தசை சுருங்குவதற்குக் காரணமான மிகச் சிறிய அலகுகளான சார்கோமியர்கள், வழக்கத்தைவிட அதிகமாக இழுபட்டுக் கிடந்தன. அவற்றைச் சுற்றியிருந்த இணைப்புத் திசு இறுகிப்போயிருந்தது. ஆக, விறைப்பு இருக்கிறது, பலம் இல்லை. அந்தத் தசையை நாங்கள் அறுத்து நீட்டினால் இருக்கும் பலமும் இன்னும் கொஞ்சம் குறையும்.

முழங்கால் அறுவையில் இத்தனை ஆண்டுகளில் நான் படித்த பாடத்தை இந்த ஒன்றில் அடக்கிவிடலாம். எதை வெட்டுவது என்பதைப் புத்தகம் சொல்லித்தரும். எதை விட்டுவைப்பது, எந்த அளவோடு கையை எடுத்துக்கொள்வது என்பதைக் குழந்தைகள்தான் சொல்லித்தருகிறார்கள்.

நான்கு வகை முழங்கால்

பெருமூளை வாதத்தை மருத்துவ உலகுக்கு விரிவாக எடுத்துச் சொன்னவர் லண்டன் மருத்துவர் வில்லியம் ஜான் லிட்டில். கடினமான பிரசவம், குறைமாதப் பிறப்பு, பிறந்ததும் மூச்சுத் திணறல் ஆகியவற்றுக்கும் பிள்ளைகளின் கால் விறைப்புக்கும் தொடர்பு உண்டு என்று 1861-இல் அந்நகரின் மகப்பேறு மருத்துவர் சங்கத்தில் அவர் வாதிட்டார். லிட்டிலுக்கே சிறுவயதிலிருந்து ஒரு பாதம் வளைந்திருந்தது. 1836-இல் ஜெர்மனியின் ஹானோவருக்குப் போய், ஸ்ட்ரோமையர் என்ற அறுவை மருத்துவரிடம் குதிகால் நாணை வெட்டிச் சரிசெய்துகொண்டவர் அவர். நாணை வெட்டினால் கோணல் நிமிரும் என்ற நம்பிக்கை அப்போதிருந்தே எங்கள் துறையில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்த நம்பிக்கையின் எல்லையைக் காட்டியது முழங்கால். டெக்ஸாஸைச் சேர்ந்த எக்கர்ஸ் 1952-இல் ஓர் அறுவையை விவரித்தார். பின்தொடைத் தசைகளின் நாண்களை முழங்காலுக்குக் கீழேயிருந்து கழற்றி, முழங்காலுக்கு மேலே தொடை எலும்பின் அடிப்பகுதியில் பொருத்துவது அது. கால் நிமிர்ந்தது. ஆனால் மடக்கும் விசை போய்விட்டதால் சில குழந்தைகளுக்கு முழங்கால் பின்பக்கமாக வளைந்தது, சிலருக்கு மடங்கவே மறுத்தது. மடிந்த காலோடு வந்தவருக்குப் பின்வளைந்த காலைக் கொடுத்து அனுப்பினால் அது வைத்தியமாகாது. பின்வளைந்த முழங்காலைத் திரும்பச் சரிசெய்வது மிகக் கடினம்.

1993-இல் டேவிட் சதர்லாந்தும் ஜான் டேவிட்ஸும் இந்தக் குழந்தைகளின் நடையில் முழங்கால் நான்கு விதமாகக் கெடுகிறது என்று வகுத்தார்கள். முதல் வகையில், பாதம் தரையில் படும்போது மடிந்திருக்கும் முழங்கால், உடல் எடை முன்னே போகும்போது நிமிர்ந்துவிடும். குழந்தை துள்ளித் துள்ளி நடப்பதாகத் தெரியும். இரண்டாவது வகையில், காலூன்றி நிற்கும் நேரம் முழுக்க முழங்கால் மடிந்தே இருக்கும். மூன்றாவதில், காலைத் தூக்கி முன்னே வைக்கும்போது மடங்க வேண்டிய முழங்கால் மடங்காமல் விறைத்திருக்கும். கால் விரல் தரையில் தேயும், செருப்பின் முனை முதலில் கிழியும். நான்காவது, பின்வளையும் முழங்கால். ஒரே குழந்தைக்கு ஆறு வயதில் முதல் வகையும் பதினொன்றில் இரண்டாம் வகையும் இருப்பதுண்டு. நான்குக்கும் வைத்தியம் வேறு வேறு. “முழங்கால் மடங்கியிருக்கிறது, நீட்டிவிடவும்” என்று கடிதம் எழுதி அனுப்பும் நண்பர்களுக்கு நான் திரும்ப எழுதுவது இதைத்தான்.

கத்திக்கு முன் கண்

குழந்தையை அரைக்கால் சட்டையில் நடக்கவிட்டு, பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும். எதிரே நின்றால் பாதம் திரும்பியிருப்பது தெரியும். முழங்கால் எவ்வளவு மடிந்திருக்கிறது என்பது பக்கத்திலிருந்துதான் தெரியும். டாக்டர் பார்க்கிறார் என்றால் பிள்ளைகள் நிமிர்ந்து நடப்பார்கள். அதனால் வீட்டு வாசலில், பள்ளி விட்டு வரும் களைப்பில், இடுப்பு உயரத்தில் போனைப் பிடித்து எடுத்த வீடியோவைக் கேட்டு வாங்குவேன். கேமராக்களும் தரையில் பதித்த விசைத் தட்டுகளும் உள்ள நடைப் பகுப்பாய்வுக் கூடம் கிடைத்தால் மிக நல்லது. அது எட்டாத ஊர்களில் இந்த வீடியோவே பெரிய உதவி.

பிறகு மேசையில் படுக்கவைத்து அளப்பது. இடுப்பை நேர்கோணத்தில் மடக்கி, முழங்காலை மெதுவாக நீட்டிக்கொண்டே போனால் ஓர் இடத்தில் தடுக்கும். முழு நீட்டலுக்கு அங்கிருந்து எத்தனை பாகை குறைகிறதோ, அதுவே பின்தொடைத் தசையின் இறுக்கத்துக்கு நாங்கள் வைத்திருக்கும் அளவு. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. எதிர்க்காலை மேசையில் நீட்டிவைத்து ஒருமுறையும், அதையும் மடக்கிப் பிடித்துக்கொண்டு ஒருமுறையும் அளக்க வேண்டும். இடுப்பின் முன்தசை இறுகிய குழந்தைக்கு, எதிர்க்கால் நீண்டிருக்கும்போது இடுப்பெலும்பு முன்னோக்கிச் சாயும். அந்தச் சாய்வே பின்தொடைத் தசையை இழுத்துக் குட்டையாகக் காட்டும். எதிர்க்காலை மடக்கியதும் இடுப்பெலும்பு சமமாகி அளவு சட்டென்று குறைந்தால், குறை பின்தொடையில் இல்லை, இடுப்பில் இருக்கிறது. இந்த இரண்டாவது அளவை எடுக்காமல் தசையை நீட்டிவிட்டால், இடுப்பு இன்னும் முன்னே சாய்ந்து முதுகு வளையும். பின்தொடைத் தசைக்கு முழங்காலை மடக்குவது மட்டும் வேலையில்லை. இடுப்பை நிமிர்த்திப் பிடிப்பதும் அதன் வேலைதான்.

ஸ்காட் டெல்ப்பும் அவருடைய சகாக்களும் 1996-இல் கணினி மாதிரிகளைக் கொண்டு, மடிந்த முழங்காலோடு நடக்கும் குழந்தைகளின் பின்தொடைத் தசை நடக்கும்போது எவ்வளவு நீளத்தில் இருக்கிறது என்று கணக்கிட்டார்கள். அவர்களில் பலருக்குத் தசையின் நீளம் வழக்கமான அளவிலேயே இருந்தது. முழங்கால் மடங்கியிருப்பதைப் பார்த்த கையோடு பின்தொடையை வெட்டும் வழக்கத்தை எங்களில் பலர் கைவிட அந்தக் கணக்கும் ஒரு காரணம்.

அடுத்து, படுத்த நிலையில் முழங்கால் முழுதாக நீளுகிறதா, அல்லது மூட்டே இறுகிவிட்டதா? நான் நீட்டிவைத்த காலைக் குழந்தை தன் பலத்தால் அப்படியே பிடித்து நிற்கிறதா, அல்லது கையை எடுத்ததும் பத்திருபது பாகை தொய்கிறதா? முழங்கால் சில்லு தன் இடத்தில் இருக்கிறதா, மேலே ஏறிவிட்டதா? தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் முறுக்கிக்கொண்டிருக்கின்றனவா? பாதம் வெளிப்பக்கம் சரிந்து தட்டையாகிவிட்டதா? இடுப்பு மூட்டு எக்ஸ்ரேயில் பந்து கிண்ணத்தை விட்டு நழுவியிருக்கிறதா? முழங்காலுக்காக வந்த குழந்தைக்கு இடுப்பு எக்ஸ்ரே எதற்கு என்று பெற்றோர் கேட்பார்கள். இடுப்பு சத்தமில்லாமல் நழுவும். வலி வந்து தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

மயக்க மருந்து கொடுத்த பிறகு இதே அளவுகளை மறுபடி எடுப்பேன். மயக்கத்தில் விறைப்பு கரைந்துவிடும். மிஞ்சுவது உண்மையான குறுக்கம். முந்தின நாள் எழுதிவைத்த திட்டத்திலிருந்து ஓர் அறுவையை அந்த நேரத்தில் அடித்துவிட்ட சந்தர்ப்பங்கள் உண்டு. திட்டத்தில் இல்லாத ஒன்றை அங்கே புதிதாகச் சேர்ப்பதை மட்டும் கூடியவரை தவிர்ப்பேன்.

குதிகாலில் தொடங்கும் வினை

நுனிக்காலில் நடக்கும் ஐந்து வயதுப் பிள்ளைக்கு எங்கோ குதிகால் நாணை நீட்டிவிடுகிறார்கள். பாதம் தரையில் படிகிறது, வீட்டில் சந்தோஷம். சில ஆண்டுகள் கழித்து அதே பிள்ளை முழங்காலும் இடுப்பும் மடங்கி, குறுகிப்போய் என் முன் நிற்கும். இந்தத் துறையில் அடிக்கடி பார்க்கும் காட்சி இது.

காரணம் கெண்டைக்காலில் இருக்கிறது. நாம் காலூன்றி நிற்கும்போது கீழ்க்கால் எலும்பு பாதத்தின் மேல் முன்னோக்கிச் சாயப் பார்க்கும். அதை இழுத்துப் பிடித்து நிறுத்துவது கெண்டைக்கால் சதை, முக்கியமாக அதன் ஆழத்தில் உள்ள சோலியஸ் தசை. அந்தப் பிடி இருக்கும்வரை முழங்கால் தானாக நிமிரும். நாணை அளவுக்கு மீறி நீட்டினால் பிடி தளரும், கீழ்க்கால் முன்னே சாயும், முழங்கால் மடியும், நிலைகுலையாமல் இருக்க இடுப்பும் மடியும். பிறகு ஒவ்வோர் அடிக்கும் தொடையின் முன்தசை உடலின் எடையைத் தாங்க வேண்டும். நாற்காலியில் பாதி உட்கார்ந்த நிலையில் நாற்காலி இல்லாமல் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். இந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடம்வரை நடப்பது அப்படித்தான்.

காலின் ஒரு மூட்டைத் தொட்டால் மற்ற மூட்டுகள் பதில் சொல்லும். இதை முறைப்படுத்தியவர்களில் முதன்மையானவர் அமெரிக்காவின் ஜேம்ஸ் கேஜ். இந்த ஆண்டு குதிகால், அடுத்த ஆண்டு முழங்கால், அதற்கடுத்த ஆண்டு இடுப்பு என்று ஆண்டுதோறும் ஓர் அறுவை செய்துகொண்டே போவதை டொரான்டோவின் மெர்சர் ராங் பிறந்தநாள் நோய் என்று கேலி செய்தார். ஒவ்வொரு பிறந்தநாளையும் குழந்தை மருத்துவமனையில் கழிக்கிறதே என்ற அர்த்தத்தில். இன்று இடுப்பு, முழங்கால், கணுக்கால் எல்லாவற்றையும் ஒரே முறையில் திட்டமிட்டு, ஒரே மயக்கத்தில் முடித்து, ஒரே மறுவாழ்வுக் காலத்தில் குழந்தையை நிமிர்த்துகிறோம். பெரும்பாலும் ஆறு வயதுக்கும் பத்து வயதுக்கும் இடையில் இதற்கான வேளை வரும். அதற்கு முன் போட்டுலினம் ஊசி, அடுத்தடுத்துப் போடும் மாவுக்கட்டு, இரவுக் காலிபர் ஆகியவற்றால் அறுவையைத் தள்ளிப்போடுவோம். ஊசியின் பலன் சில மாதங்களே. அந்த மாதங்களில் பயிற்சி நடக்க வேண்டும், இல்லையென்றால் ஊசி வீண்.

அளவோடு நீட்டுவது

முழங்காலின் பின்பக்கம், உட்புறமாக ஒரு சிறு கீறல். முதலில் கிராசிலிஸ், அடுத்து செமிடென்டினோசஸ். இரண்டும் மெல்லிய, நீண்ட நாண் உள்ளவை. இவற்றை வெட்டி நீட்டலாம், வேறிடத்துக்கு மாற்றியும் தைக்கலாம். மூன்றாவதான செமிமெம்பிரனோசஸ் தடித்த தசை. இடுப்பை நிமிர்த்துவதில் இதற்குப் பெரிய பங்கு. இதன் நாணை முழுதாக வெட்டுவது கூடாது. தசையின் மேல் போர்த்தியிருக்கும் வெண்மையான நாண்தகட்டை மட்டும் குறுக்கே கீறி, அடியில் உள்ள சதை நார்களைத் தொடாமல் விட வேண்டும். பிறகு உதவியாளர் காலை மெல்ல நீட்ட, கீறலின் இரு கரைகளும் விலகி, நடுவே சிவந்த சதை தெரியும். அந்த விலகலைப் பார்த்துக்கொண்டே அளவை முடிவு செய்கிறோம். வேகமாக நீட்டினால் சதையும் கிழியும், அதன் பிறகு அந்தத் தசைக்கு வேலையில்லை.

எவ்வளவு நீட்டுவது? முழங்கால் முழுதாக நேராகும்வரை நீட்டிவிட வேண்டும் என்று இளம் மருத்துவர்களுக்குக் கை பரபரக்கும். இடுப்பு மடிந்த நிலையில் எந்தப் பிள்ளைக்கும், நல்ல ஆரோக்கியமான பிள்ளைக்கும்கூட, முழங்கால் முழுதாக நீள வேண்டிய அவசியமில்லை. நடக்கும்போது தேவைப்படுகிற அளவுக்கு நீண்டால் போதும். வெளிப்பக்கத்தில் உள்ள பைசெப்ஸ் தசையை நான் பெரும்பாலும் தொடுவதில்லை. உள்பக்கம், வெளிப்பக்கம் இரண்டையும் நீட்டினால் முழங்கால் பின்வளையும் வாய்ப்புக் கூடும். மேசையில் பத்துப் பாகை குறைவாகத் தெரிந்தால் பரவாயில்லை; காலிபரும் பயிற்சியும் வளர்ச்சியும் இன்னும் பாக்கியிருக்கின்றன.

மடங்க மறுக்கும் விறைத்த முழங்காலுக்கு வேறு வழி. தொடையின் முன்னே உள்ள நான்கு தசைகளில் ஒன்றான ரெக்டஸ் பெமோரிஸ், காலைத் தூக்கும் நேரத்தில் ஓய்வெடுக்காமல் இழுத்துக்கொண்டிருப்பது அங்கே சிக்கல். 1987-இல் ஜாக்குலின் பெர்ரியும், தனியாக ஜேம்ஸ் கேஜ் குழுவும், இந்தத் தசையின் கீழ் நுனியைச் சில்லிலிருந்து பிரித்து முழங்காலின் பின்னோக்கி மாற்றித் தைப்பதை விவரித்தார்கள். பொருத்தமான குழந்தைக்கு இது நல்ல பலன் தரும், கால்விரல் தரையில் தேய்வது குறையும். ஏற்கெனவே முழங்கால் மிகவும் மடிந்து, முன்தசை பலவீனமான குழந்தைக்கு இதைச் செய்தால் நிற்கும் பலமும் போகும்.

எலும்பைத் தொடும் நேரம்

மூட்டே இறுகிவிட்டால் தசையோடு மட்டும் போராடிப் பயனில்லை. வளர்ச்சி இன்னும் இரண்டு ஆண்டாவது பாக்கி இருக்கிற, இறுக்கம் மிதமாக உள்ள குழந்தைக்கு ஒரு சின்ன வழி உண்டு. தொடை எலும்பின் கீழ்நுனியில் வளர்ச்சித் தட்டின் முன்பக்கம் இரண்டு சிறு தகடுகளைத் திருகாணியால் பொருத்துவோம். முன்பக்க வளர்ச்சி தடைபட, பின்பக்கம் வளர்ந்து, மாதத்துக்கு ஒரு பாகை அளவிலோ அதற்கும் குறைவாகவோ எலும்பு தானே நேராகும். பொறுமை வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒரு எக்ஸ்ரே வேண்டும், நேரானதும் தகட்டை எடுக்க மறக்கக் கூடாது.

வளர்ச்சி முடியும் தறுவாயில், பத்து முதல் முப்பது பாகை இறுக்கத்தோடு, மேலேறிய சில்லோடு வரும் பதின்வயதினருக்குப் பெரிய அறுவை தேவைப்படும். சில்லு, கிணற்று உருளை போல, முன்தசையின் இழுப்பைத் திசைமாற்றிக் காலை நீட்டுகிறது. பல ஆண்டுகள் மடிந்த காலில் நடந்தால் சில்லுக்குக் கீழே உள்ள நாண் நீண்டு, சில்லு மேலேறி, இழுப்பு வீணாகிறது. அங்கே வலியும் வரும், சில நேரம் சில்லின் கீழ்நுனி உடைந்துமிருக்கும். ஆகவே இரண்டு வேலைகளையும் சேர்த்துச் செய்ய வேண்டும். தொடை எலும்பின் கீழ்ப்பகுதியில், முன்பக்கம் அகன்ற ஆப்பு வடிவத் துண்டை எடுத்து எலும்பை நேராக்கித் தகடு பொருத்துவது ஒன்று. சில்லைக் கீழே இறக்கி நாணைக் குறுக்குவது மற்றொன்று. மினசோட்டாவின் கில்லெட் மருத்துவமனையைச் சேர்ந்த ஸ்டவுட், கேஜ், ஷ்வார்ட்ஸ், நோவாசெக் நால்வரும் 2008-இல் வெளியிட்ட கட்டுரை, எலும்பை மட்டும் நேராக்கி நாணை விட்டுவிட்டால் பலன் பாதியில் நிற்கும் என்பதைத் தெளிவாக்கியது.

இங்கே எனக்குள்ள பெரிய பயம் சையாடிக் நரம்பு. பல ஆண்டுகள் மடிந்திருந்த முழங்காலின் பின்னே நரம்பும் குறுகித்தான் கிடக்கும். எலும்பை ஒரே நொடியில் நேராக்கலாம், நரம்பு அந்த வேகத்துக்கு வராது. இறுக்கம் அதிகமென்றால் எலும்பைச் சற்றுக் குறுக்குவோம், அல்லது முன்கூட்டியே மாவுக்கட்டால் படிப்படியாக நீட்டிவைத்துவிட்டு அறுவைக்குப் போவோம். அறுவை முடிந்த அன்று இரவு செவிலியருக்கும் பெற்றோருக்கும் நான் சொல்லிவிட்டுப் போவது எளிமையானது. கால்விரலை மேலே தூக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருங்கள். மரத்துப்போகிறது, எரிகிறது என்றாலோ, விரல் தூக்க வரவில்லை என்றாலோ, காலையில் சொல்லலாம் என்று காத்திருக்காமல் முழங்காலைச் சற்று மடக்கிவைத்து என்னைக் கூப்பிடுங்கள். காலை நீட்டிக் கட்டியபடி குழந்தையை நிமிர்த்தி உட்காரவைக்காதீர்கள், அப்போதுதான் நரம்பு அதிகமாக இழுபடும்.

அதற்குப் பின் ஓராண்டு

“ஆபரேஷன் பண்ணினா நடந்துருவானா டாக்டர்?” இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் குழந்தையின் நிலையைப் பொறுத்தது. 1997-இல் பாலிசானோ குழு வகுத்த ஐந்து நிலைகளை உலகம் முழுக்க இன்று பயன்படுத்துகிறோம். துணையின்றி நடப்பவர் முதல் நிலை, தலையையும் தாங்க முடியாதவர் ஐந்தாம் நிலை. ஒரு குழந்தையின் இயக்கத் திறன் ஏறக்குறைய ஏழு வயதுக்குள் தன் உச்சத்தை எட்டிவிடும். நடக்கிற பிள்ளை அறுவைக்குப் பின் இன்னும் நிமிர்ந்து, களைப்புக் குறைந்து, வளர்ந்த பிறகும் நடப்பான். நடக்காத பிள்ளையை அறுவை நடக்கவைக்காது. இதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும்.

இடுப்பு மூட்டையோ எலும்பையோ தொட்ட பெரிய அறுவைக்குப் பின் குழந்தை முதல் சில மாதங்கள் முன்பைவிட மோசமாகத் தெரியும். வாக்கர் இல்லாமல் நடந்தவன் வாக்கர் பிடிப்பான், வாக்கர் பிடித்தவன் சக்கர நாற்காலியில் உட்காருவான். பிள்ளை சோர்ந்துபோவான், பெற்றோர் அதைவிட. பலம் திரும்பி, புதிய நடை படிய ஓராண்டு ஆகும். தொடை முன்தசையை வலுவாக்கும் பயிற்சி, கீழ்க்கால் முன்னே சாயாமல் தடுக்கும் காலிபர், தினசரி நிற்கும் பயிற்சி எல்லாம் அந்த ஓராண்டில் நடக்க வேண்டும். தேர்வு ஆண்டில் அறுவை வேண்டாம், வீட்டில் இன்னொரு பிரசவம் எதிர்பார்க்கும் நேரத்தில் வேண்டாம், அருகில் பிசியோதெரபிஸ்ட் கிடைக்காத ஊரில் இருந்தால் அதற்கு ஒரு வழி பண்ணிவிட்டுத் தேதி குறிப்போம். அறுவைக்குப் பின் படுக்கையில் கிடந்த பிள்ளையின் எலும்பு மெலிந்திருக்கும். வலிப்பு மருந்து சாப்பிடும் பிள்ளைகளுக்கு இன்னும் கூடுதலாக. நல்ல எண்ணத்தோடு பலமாக அழுத்தி நீட்டியதில் தொடை எலும்பு முழங்காலுக்கு மேலே முறிவதுண்டு. எலும்புச் சத்தைக் கவனிக்காமல் யாரும் முரட்டுத்தனமாக நீட்ட வேண்டாம்.

நம் வீடுகளில் வாழ்க்கை தரையில் நடக்கிறது. சாப்பாடு தரையில், படிப்பு தரையில், பல வீடுகளில் கழிப்பறை குந்தும் வகை. முழங்காலை நேராக்கிக் கொடுத்துவிட்டு மடக்க முடியாமல் செய்துவிட்டால், நடைக்கூடத்து அளவுகள் நன்றாக இருக்கும், பிள்ளைக்கு வீட்டில் பாடு. அதனால் அறுவைக்கு முன் நான் கேட்கும் கேள்விகளில் கழிப்பறை எந்த வகை என்பதும் ஒன்று. வீட்டுக்குள் முட்டிபோட்டு நகரும் பிள்ளைக்கு அதுவே சுதந்திரம். அதைப் பறித்துக்கொண்டு வேறெதுவும் தருவதில்லை என்றால் கத்தி தேவையில்லை.

நான்காம், ஐந்தாம் நிலைப் பிள்ளைகளுக்கும் முழங்கால் அறுவை செய்கிறோம், நோக்கம் வேறு. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறும் சில நொடிகள் தன் காலில் எடை ஊன்ற முடிந்தால், பன்னிரண்டு வயதுப் பிள்ளையைத் தூக்கும் அம்மாவின் முதுகு தப்பிக்கும். சக்கர நாற்காலியில் சரியாக உட்காரவும், வலியில்லாமல் படுக்கவும் முடிந்தால் அதுவே வெற்றி. அந்த நோக்கம் எதுவும் இல்லாமல், படத்தில் பார்க்க நேராக இருக்க வேண்டும் என்பதற்காக நான் கத்தியை எடுப்பதில்லை. பிறந்தபோது கடும் மஞ்சள் காமாலை தாக்கி, தசைகள் நிலையில்லாமல் முறுக்கிக்கொள்ளும் வகைப் பிள்ளைகளிடம் இன்னும் எச்சரிக்கை வேண்டும். ஒரு பக்கம் தளர்த்தினால் கால் எதிர்ப்பக்கம் முறுக்கிக்கொள்ளும். பலனை முன்கூட்டிச் சொல்ல முடியாது.

பெற்றோருக்குச் சில வார்த்தைகள். ஆண்டுக்கு ஒருமுறையாவது குழந்தையின் முழங்காலையும் இடுப்பையும் அளந்து எழுதிவைக்கச் சொல்லுங்கள். இடுப்பு எக்ஸ்ரேயைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு காலும் பாதித்த பிள்ளைக்குக் குதிகால் நாணை மட்டும் வெட்டலாம் என்று யாராவது சொன்னால், முழங்காலுக்கும் இடுப்புக்கும் என்ன திட்டம் என்று கேளுங்கள். எந்தத் தசையை நீட்டப்போகிறீர்கள், எதை விட்டுவைக்கப் போகிறீர்கள், அடுத்த ஓராண்டு யார் பயிற்சி தருவார்கள் என்று கேளுங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பெருமூளை வாதம் இடம்பெற்றிருக்கிறது. தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு ஓராண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய்வரை உதவும். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையை வாங்கி, அந்தக் காப்பீட்டில் பதிவு செய்துகொள்ளுங்கள். பிள்ளை நடக்கும் வீடியோவை ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பக்கவாட்டில் நின்று எடுத்து, தேதியோடு சேமித்துவையுங்கள். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அதை முதலில் காட்டுங்கள்.